நிறம் பார்க்காதவள்

ஊதா என்பது ஒற்றை நிறம் இல்லை, தம்பி. அது ஒரு கூட்டுக் குடும்பம். கத்தரிக்காய் ஊதா வேறு, திராட்சை ஊதா வேறு, பழைய காயத்தின் ஊதா வேறு. இதோ சமையலறை ஜன்னலுக்கு வெளியே கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கிறதே ஹைட்ரேஞ்சியா, அது மழைக்கு முந்தைய வானத்தின் ஊதா. இந்த வித்தியாசம் தெரியாதவர்கள் தோட்டம் போடக் கூடாது என்பது என் கட்சி.

கேக் எடுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை கேக். துப்பறிகிறவர்களுக்கும் பசிக்கும்தானே.

நீங்கள் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். பக்கத்து வீட்டு தாடியஸ் மேய்ஸ் வலது தோளில் குண்டு பாய்ந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். சுட்டது உங்கள் போலீஸ் துறையைச் சேர்ந்த ஒரு பையன். அந்தப் பையனை வரவழைத்தது என் தொலைபேசி அழைப்பு. நான் வேண்டுமென்றே கூப்பிட்டேனா, தெரியாமல் கூப்பிட்டேனா, அதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. இந்த அறுபத்தாறு வயது வரை லொரெய்ன் ப்ரூயிட் ஒரு பொய் சொன்னாள் என்று இந்த மாக்னோலியா தெருவில் எவரும் சொன்னதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மனிதர்களிடம் நிறம் பார்க்கிறவள் இல்லை.

மேய்ஸ் தம்பதி இரண்டு வருடத்துக்கு முன்னால் குடிவந்தார்கள். முதல் நாளே போய்ப் பேசியது யார்? நான்தான். அவர் முன்வாசலில் குனிந்து புல் வெட்டிக்கொண்டிருந்தார். தோட்ட வேலைக்காரர் என்று நினைத்துவிட்டேன். தொப்பி போட்டிருந்தார், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

"வாரத்துல எந்தக் கிழமை வருவீங்க? அப்படியே எங்க வீட்டுப் புல்லையும் வெட்டிக் குடுத்துடுங்களேன்" என்றேன்.

அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "தினமும் வருவேங்க. ராத்திரியும் இங்கேயேதான் கிடப்பேன். வீட்டுக் கடன் தீர்ற வரைக்கும் இந்த முதலாளி விட மாட்டாரு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்று மாலையே ஒரு கூடை நிறையப் பொரித்த கோழி வாங்கிக்கொண்டு வரவேற்கப் போனேன். அவர்கள் இனத்துக்கே பொரித்த கோழி என்றால் உயிராயிற்றே. அவர் மனைவி வெர்னிட்டா வாங்கி வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க. நான் சைவம்" என்றாள். அவர்களில் சைவமும் உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது. பழகினால் எவ்வளவு கற்றுக்கொள்கிறோம் பாருங்கள். அவள் கூந்தல் மேகம் மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்துப் பாராட்டினேன். அவள் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள். கூச்ச சுபாவம்.

தாடியஸ் பள்ளிக்கூடத்தில் இசைக்குழு நடத்தி ஓய்வு பெற்றவர். எவ்வளவு அழகாக, எவ்வளவு சுத்தமாகப் பேசுகிறார் என்று தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறேன். என் கணவர் ஜீன் ஒருநாள் செய்தித்தாளை இறக்கி, "அவரு முப்பது வருஷம் வாத்தியாரா இருந்தவரு, லொரெய்ன். நீ என்னமோ சொன்னதும் கை குடுக்கற நாய்க்குட்டியைப் பாராட்டற மாதிரி பாராட்டறியே" என்றார். ஜீனுக்கு நல்லதே கண்ணில் படாது.

எங்களுக்குள் அத்தனை நெருக்கம். எதிர்வீட்டு மிஸ்டர் ஹால்வர்சனை இருபது வருடமாக மிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறேன். தாடியஸை முதல் நாளிலிருந்தே தாடியஸ். அவர் என்னை மிஸ் லொரெய்ன் என்பார். அந்த மரியாதை அவராகவே வைத்துக்கொண்டது.

ஹைட்ரேஞ்சியாவுக்குக் காபித் தூள் போடச் சொன்னதும் அவர்தான். எனக்கு வருடக்கணக்கில் ரோஜா நிறத்தில் பூத்த செடி, அவர் சொன்னபடி மண்ணில் புளிப்பு ஏற்றியதும் இப்படி ஊதாவாக மாறியது. உள்ளதைச் சொல்கிறேன்.

ஜூன் மாதம் அந்தப் பலகை அவர் வீட்டுக்குப் போனது.

வாசலில் ஊன்றியிருக்கிறதே, பச்சைப் பலகை, 'இம்மாத அழகுத் தோட்டம்'. தெருச் சங்கம் ஒவ்வொரு மாதமும் ஒரு வீட்டுக்குக் கொடுக்கிறது. கோடை வந்தால் அது என் வீட்டில்தான் நிற்கும். புல்லில் அதற்கென்றே இரண்டு ஓட்டை விழுந்திருக்கிறது. ஜூனில் அந்த ஓட்டைகள் காலியாகக் கிடந்தன. தினமும் காலையில் காபியோடு அதைத்தான் பார்த்தேன். கோபமா? இல்லை. தகுதியோடுதான் ஜெயித்தார். ஆனால் இந்தக் காலத்தில் அவர்களுக்குக் கொடுத்தால் சங்கங்களுக்கு ஒரு நல்ல பெயர் கிடைக்கிறது என்பதும் உண்மைதானே. சங்கத் தலைவி பீவர்லியிடம் அதை மெதுவாகச் சொன்னேன். "ஏன், அவரோட பூவைப் பாக்கலியா நீ?" என்று கேட்டாள். அவளும் ஜீன் மாதிரி.

ஜூலையில் வெயில் கொளுத்தியது. ஏரிக்கரையில் இருக்கிற என் தங்கை வீட்டுக்கு நாங்கள் கிளம்ப வேண்டியிருந்தது. பீவர்லியும் இரண்டு பெண்களும் வைக்கோல் தொப்பியோடு தெருவைச் சுற்றி வந்து தோட்டங்களுக்கு மதிப்பெண் போடுவது அந்தச் சனிக்கிழமை காலையில். செடி வாடக் கூடாது. சாவியை யாரிடம் கொடுத்தேன்? தாடியஸிடம். கார் ஷெட்டைத் திறந்து குழாயை எடுத்து அவரே தண்ணீர் ஊற்றுவதாக ஏற்பாடு. மனதில் வேற்றுமை இருக்கிறவள் வீட்டுச் சாவியைக் கொடுப்பாளா, தம்பி? இதை நீங்கள் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை காலை தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜை முன் உட்கார்ந்து போனைப் பார்த்தேன். எங்கள் கார் ஷெட் கேமரா அதில் தெரியும். ஷெட்டுக்குள் ஓர் உருவம். எதிர்வெயில். முகம் சரியாகத் தெரியவில்லை. அவசர எண்ணை அழுத்தினேன். "என் வீட்டுக் கார் ஷெட்டுக்குள்ள ஒரு ஆள் இருக்கான்" என்றேன். உண்மை. இருந்தார்.

மறுமுனையில் இருந்த பெண் கேட்டாள்: "ஆள் எப்படி இருக்கான்? வெள்ளையா, கறுப்பா?"

"கறுப்பு."

"கையில ஏதாச்சும் வச்சிருக்கானா?"

"பிஸ்டல் வச்சிருக்கான்."

அதுவும் உண்மை. குழாய் முனையில் மாட்டி, விசையை அழுத்தினால் தண்ணீர் பூவாகத் தெளிக்குமே, அதற்கு எங்கள் ஊரில் பிஸ்டல் என்றுதான் பெயர். தோட்டக் கடைக்குப் போய் ஒரு பிஸ்டல் கொடுங்கள் என்று கேளுங்கள், எந்த நிறம், பச்சையா கறுப்பா என்று திருப்பிக் கேட்பார்கள். என்னுடையது பச்சை. அவர் கையில் இருந்தது கறுப்பு. நான் பார்த்ததைச் சொன்னேன். அதை அந்தப் பெண் வேறு மாதிரிப் புரிந்துகொண்டால், அவள் தோட்டம் போடாதவள்.

ஏன் சிரிக்க மாட்டேன் என்கிறீர்கள்? நல்ல வேடிக்கைதானே இது. முடிவை விட்டுவிட்டுப் பார்த்தால்.

சரி, போனை மேஜை மேல் வைத்துவிட்டீர்கள். அந்தக் கேமராவில் குரலும் பதிவாகும் என்று நானே சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஓட விடுங்கள். ஜீன் அடுத்த அறையில்தான் இருக்கிறார், இருந்தாலும் சத்தத்தைக் குறைக்க வேண்டாம். அவரும் கேட்கட்டும்.

"மிஸ் லொரெய்ன், குட்மார்னிங். கேமராவுல பாத்துக்கிட்டுதான் இருப்பீங்கன்னு தெரியும். உங்க ஊதா ராணிக்கு ரெண்டு தரம் ஊத்தியாச்சு. இன்னிக்குப் பீவர்லி வந்தா என் செடிதான் தோக்கும் போலிருக்கு. உங்க பிஸ்டல் ஒழுகுது, எங்க வீட்டுதைக் கொண்டாந்தேன். இந்தா பாருங்க. சுட்டுட மாட்டேன், பயப்படாதீங்க."

நல்ல குரல் இல்லையா. இசைக்குழு நடத்தியவர். அதற்கு அடுத்து வருகிற குரல் என்னுடையது. அந்தக் கேமரா வழியாக நாமும் பேசலாம்.

"ரொம்ப நன்றி தாடியஸ். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருங்க. ஷெட்டுக்குப் பின்னால இருக்கற ரோஜாவுக்கும் ஊத்திடுங்க."

அதன் பிறகுதான் அவசர எண்ணை அழுத்தினேன். ஆமாம், அவர்தான் என்று தெரியும். எதிர்வெயில் எல்லாம் இல்லை. முகம் தெளிவாகத்தான் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் வேலை முடியும். போலீஸ் வரும். கையைப் பின்னால் கட்டி என் புல்வெளியில் உட்கார வைத்துக் கொஞ்சம் கேள்வி கேட்கும். அந்த நேரம் பார்த்து வைக்கோல் தொப்பிகள் மூன்றும் தெருவில் வரும். பார்க்கும். அப்புறம் சாவி இருக்கிறது என்று தெரிந்து அவிழ்த்து விட்டுவிடுவார்கள். அவ்வளவுதான் கணக்கு. அவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே. ரோட்டில் கார் ஓட்டினாலே நிறுத்துகிறார்கள் என்று வெர்னிட்டாவே சொல்லியிருக்கிறாள். நம்மைப் போல அவமானமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்தேன். உங்கள் பையன் காரை விட்டு இறங்கியதும், தாடியஸ் கையில் இருப்பதைக் காட்டுவதற்காக உயர்த்துவார் என்றும், அந்தப் பையன் அத்தனை பயந்தாங்கொள்ளியாக இருப்பான் என்றும் எனக்கு எப்படித் தெரியும்?

தெரிந்திருக்க வேண்டும் என்கிறீர்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன். 'கறுப்பு' என்று சொன்னபோதும் 'பிஸ்டல்' என்று சொன்னபோதும், அந்த இரண்டு வார்த்தையும் ஒன்றாகச் சேர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் நிறத்தை நானாகச் சொல்லவில்லை. அந்தப் பெண் கேட்டாள். கேட்டால் சொல்ல வேண்டியதுதானே.

ஜீன், அப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். உள்ளே வந்து உட்காருங்கள். அவர் வர மாட்டார். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

தாடியஸால் அந்த வலது கையை இனிமேல் தலைக்கு மேல் தூக்க முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்களாம். தினமும் காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அந்தக் கையைத்தான் அசைப்பார். எனக்கும் வருத்தம்தான். ஜூலைப் பலகை இங்கே வந்துவிட்டது, பார்த்தீர்களா? பீவர்லி ஊன்றிவிட்டுப் போனாள். வாழ்த்துகூடச் சொல்லவில்லை.

கிளம்பலாமா? விலங்கு போடத்தான் வேண்டுமா, தெருவே பார்க்குமே. சரி, ஒரு கோட்டு எடுத்துக்கொள்கிறேன், மேலே போட்டு மறைத்துக்கொள்ளலாம். நான் திரும்பி வர நாளாகும் என்றால் செடிகளுக்குத்தான் கஷ்டம். ஜீன் தொட மாட்டார். பக்கத்து வீட்டில் எங்கள் சாவி இன்னும் இருக்கிறது. தாடியஸுக்கு இடது கை நன்றாகத்தான் இருக்கிறதாம், அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். நான் கேட்டதாகச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார். தங்கமான மனிதர். அவர் என்ன நிறம் என்று இப்போது கேட்டால்கூட, சத்தியமாக எனக்குச் சொல்லத் தெரியாது.