சாப்பாட்டுக்குப் பின் ஸ்தோத்திரம்

— மாடிப்படியில விழுந்துட்டாள்னு சொல்லு, ஹில்லா. டாக்டரம்மா இப்ப வந்து கேப்பாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம், புரியுதா?

— மெய்னா ஏழு வயசுப் பொண்ணு, அண்ணே. வாய் கிழிஞ்சு, தோள் எலும்பு ஒடிஞ்சு உள்ள கிடக்கா. எந்தப் படி அப்படி அடிக்கும்?

— லுப்பர்ட் முரடன்தான். நான் இல்லேங்கல. ஆனா உன் புருஷன், என் போட்ல பத்து வருஷமா வலை இழுக்கறவன். சபையோட நன்றி நாளும் அதுவுமா, சபை மூப்பர் என்னோட மச்சானை போலீஸ் கூட்டிட்டுப் போச்சுன்னா இந்த உர்க் ஊர்ல நாம தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?

— அந்த நன்றி நாள்தான் வினை. இல்லேன்னா புதன்கிழமை அவர் கடல்ல இருப்பார். இன்னிக்கு ஒரு போட்டும் போகக் கூடாதுன்னு வீட்ல உக்காந்துட்டார்.

— காலையில பிரசங்கத்துல என்ன சொன்னாங்க? உதட்டளவு ஸ்தோத்திரம் கர்த்தருக்கு அருவருப்பு, மனசார சொல்லணும்னாங்க. அதைத்தான அவன் புள்ளைங்ககிட்ட கேட்டான்?

— கேட்டார். சாப்பிட்டு, வேதம் வாசிச்சு முடிச்சாச்சு. ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க, மனப்பாடம் வேண்டாம், பொய் சொன்னா தோலை உரிச்சிருவேன்னார். பெரியவன் மீனுக்கு ஸ்தோத்திரம்னான். மெய்னா திங்கக்கிழமைக்கு ஸ்தோத்திரம்னா.

— அதோட விட்டிருக்கலாம்.

— விடலையே. திங்கக்கிழமையில என்னடி விசேஷம்னார். அன்னிக்குத்தான் நீங்க போட்ல போவீங்கப்பா, வெள்ளிக்கிழமை வரைக்கும் எங்களை யாரும் அடிக்க மாட்டாங்கன்னா.

— பெத்த அப்பன் முகத்துக்கு நேரா.

— உண்மையத்தான சொல்லச் சொன்னார்? சூப் கரண்டியாலயே வாயில போட்டார். மேசை விரிப்பெல்லாம் ரத்தம். ஒரு பல்லு என் தட்டுல வந்து விழுந்துது. அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?

— ஜெபிப்போம்னேன். ஸ்தோத்திரம் சொல்லாம மேசைய விட்டு எந்திரிக்கிற வழக்கம் நம்ம வீட்ல உண்டா? ஜெபம்னா அவன் கை ஓங்க மாட்டான்னு நெனச்சேன். புரியுதா?

— நானும் கண்ணை மூடிட்டேன், அண்ணே. பாவி நான். இந்த வருஷ மீன் வரத்துக்கு ஸ்தோத்திரம், இந்த வீட்டுச் சமாதானத்துக்கு ஸ்தோத்திரம்னு நீங்க அடுக்கிட்டே போறீங்க. நடுவுல புள்ள அலறினா. மறுபடி அடிக்கிறார்னு தெரிஞ்சுது. அப்பவும் கண்ணைத் திறக்கல.

— நம்ம அப்பாவும் அடிச்சுத்தான் சொல்லிக் கொடுத்தார். நன்றி தானா வராது, ஹில்லா. பழக்கணும்.

— அடிச்சா பயம்தான் வரும். முப்பது வருஷமா நான் சொன்ன ஸ்தோத்திரம் பூரா பயம். அந்த மேசையில கர்த்தருக்கு மனசார நன்றி சொன்னது அவ ஒருத்திதான். அதுக்குத்தான் அவ தோளை உடைச்சிருக்கான்.

— புருஷனை அவன்ங்கற.

— இனிமே அவன்தான். டாக்டரம்மாகிட்ட சொல்லப் போறேன். வாயும் தோளும் என் புருஷன் கைவேலைன்னு சொல்லப் போறேன். ஜெயில்ல போடட்டும். பசங்களைக் கூட்டிட்டு எங்கயாவது போய் மீன் கழுவிப் பிழைச்சுக்கறேன்.

— சரி, சொல்லு. ஆனா வாயை மட்டும் சொல்லு.

— தோள் என்ன பாவம் பண்ணுச்சு? அதை ஏன் மறைக்கணும்?

— கையெழுத்து கேப்பாங்க, ஹில்லா. பொய்யில கையெழுத்துப் போடாதே.

— எது பொய்? நீங்களும் கண்ணை மூடித்தான இருந்தீங்க?

— நான் மூடல. அவன் அடிச்சது அந்த ஒரு அடிதான், வாயில. ஜெபத்துக்கு நடுவுல புள்ள உன்கிட்ட ஓடி வரப் பார்த்தா. ஆமென் சொல்றதுக்கு முன்னால எந்திரிக்கக் கூடாதுன்னு நான்தான் அவ தோளைப் பிடிச்சு நாற்காலியில அமுக்கினேன். எலும்பு முறிஞ்சது என் உள்ளங்கையில தெரிஞ்சுது. அதுக்கப்புறமும் நான் ஜெபத்தை நிறுத்தல.