கடைசியாக வந்த தட்டு

– தட்ட அங்கனயே வையி அருள்மேரி, நா தொட மாட்டேன். ஊர் பூரா ஏறி எறங்கிட்டு, இந்த டிராவல்ஸ் தங்கசாமி வீட்டுக்குக் கடைசியாத்தேன் வழி தெரிஞ்சுதாக்கும்?

– அண்ணே, நா சொல்ல வந்தத மொதல்ல கேளுங்க.

– என்னத்தக் கேக்க? பஞ்சர் கடை சோணைமுத்து வீட்டுக்குப் போயிருக்கே. பரோட்டாக் கடை வீரையா வீட்டுக்குப் போயிருக்கே. “ஒங்க வெப்சைட்டுல என் கடைக்கு ஒரு லிங்க் போட்டிருக்கீகள்ல, அத எடுத்துருங்கண்ணே”ன்னு வெத்தல பழம் வச்சுக் கேட்டியாம். கல்யாணத்துக்குக் கூப்பிடத் தட்டு எடுப்பாக. செஞ்ச செய்முறைய வேணாம்னு சொல்லத் தட்டு எடுத்தவ நீ ஒருத்திதேன்!

– வெறுங்கையோட போயிச் சொன்னா மொகத்துல அடிச்ச மாதிரி இருக்காதா? ஆசையாச் செஞ்சவுக.

– அட கெரகமே! நீ புது வீட்டுக்குப் பால் காய்ச்சுனப்ப, “மொய் எழுதாதீக, அதுக்குப் பதிலா ஆளுக்கொரு லிங்க் போடுங்க”ன்னு சொன்னவளும் நீதான?

– நாந்தேன். அவுக எனக்குப் போட்டாக, நா அவுகளுக்குப் போட்டேன். மொய்க்கு மொய். அது குத்தம்னு, சேசுவே, எனக்கு எப்படித் தெரியும்? சோணைமுத்து அண்ணனுக்கு ஏது வெப்சைட்டு? பிரவுசிங் சென்டர் பெஞ்சமின்தேன் கடைக்கு ஒரு பக்கமாப் போட்டுக் குடுத்தான். பஞ்சர் கடை, பரோட்டாக் கடை, கறிக்கடை, எல்லாத்துலயும் ஒரே வரி, “சிப்பி சாமானுக்கு அருள்மேரி கடை”ன்னு. கூகுள்காரனுக்கு ஒவ்வொரு லிங்கும் ஒரு ஓட்டு மாதிரியாம். பாத்தான். ஒருத்தியே ஊர்ப் பேர்ல கள்ள ஓட்டுப் போடுறான்னு நெனச்சுட்டான்.

– அதுக்காக இப்படியா தூக்கி எறிவான்? எங்க வண்டியில வந்த பெங்களூர்க்காரவுக சொன்னாக, தேடித் தேடிப் பாத்தோம், ஒங்க அக்காள்மடம் கடையக் காணவே காணோம்னு.

– மொதப் பக்கத்துல மொத ஆளா நின்ன கடைண்ணே. அடி விழுந்ததும் ஆர்டர் நின்னுபோச்சு. இருளம்மாளும் முருகம்மாளும் என்னைய நம்பித்தான சிப்பி கோக்குறாக? காலையில வந்து, “இன்னைக்கும் ஒண்ணும் இல்லையா”ன்னு கேட்டுட்டுப் போவாக. இருளம்மாள் இறால் கம்பெனிக்கே போறேன்னுட்டா.

– வெவரம் தெரிஞ்ச ஆளு யாரையாச்சும் கேட்டிருக்கலாம்ல?

– மதுரையில ஒருத்தரக் கேட்டேன். பேர மாத்திப் புதுசா ஆரம்பிங்கன்னாரு. எங்கடை என்ன திருட்டு வண்டியா, நம்பர் பிளேட்ட மாத்துறதுக்கு? முடியாதுன்னு வந்துட்டேன். பெஞ்சமின் பக்கத்துல உக்காந்து நானே படிச்சேன். சிப்பிய எப்படிக் கழுவுறோம், எப்படிக் காய வைக்கிறோம்னு போட்டோ எடுத்து, நானே எழுதிப் போட்டேன். அப்பறந்தேன் தட்டத் தூக்குனேன். கடைசியா, செஞ்ச தப்ப ஒண்ணு விடாமச் சொல்லி, மறுபடி பாருங்கய்யான்னு கூகுளுக்கே எழுதிட்டேன்.

– ஒங்க கோயில்ல சாமியார்ட்ட பாவத்தச் சொல்லுவீகளே, அது மாதிரியா?

– அதே மாதிரிதேன். ஆனா இங்கிலீசுல.

– ஏத்தா, நெசமாச் சொல்லுறேன், இந்தத் தைரியம் எவனுக்கும் வராது. எனக்கெல்லாம் செக்போஸ்ட்டுல கையக் காட்டுனாலே நாக்கு ஒட்டிக்கிரும். நீ கண்ணுல பாக்காத கம்பெனிக்காரன்கிட்டப் போயி, ஆமா தப்புதேன், திருத்திட்டேன், கதவத் தொறன்னு கேட்டிருக்கே பாரு! ஒன் வீட்டுக்காரரு சவேரியார் பாதி நாளு கடல்ல. ஒத்தையில நின்னு செஞ்சிருக்கே. பெருமையா இருக்கு தாயி. அதனாலதேன் கோவமும் வருது. எல்லார் வீட்டு வாசலையும் மிதிச்சவ எங்க வீட்டுக்கு ஏன் வரல? நா என்ன வேத்தாளா?

– வந்தா ஒங்களையும் எடுக்கச் சொல்லணுமேண்ணே.

– சொல்ல வேண்டியதுதான?

– நேத்து பதில் வந்துருச்சுண்ணே. கடை மறுபடி மொதப் பக்கத்துக்கு ஏறிருச்சு! இருளம்மாள் விடியமுன்ன வந்து கோக்க உக்காந்துட்டா. இது எடுக்கச் சொல்லி வந்த தட்டு இல்ல, சந்தோசத்தச் சொல்ல வந்த தட்டு.

– அட கெரகமே! இத வாசப்படியிலயே சொல்றதுக்கென்ன? ம்... ஆமா, எல்லாத்தையும் எடுத்தாத்தேன் விடுவான்னு ஊருக்குள்ள பேசிக்கிட்டாக?

– மத்தவுகளது மொய்க்குப் போட்டது. நீங்க பால் காய்ச்சுறதுக்கு முன்னாடியே போட்டவுக. வண்டியில வர்ற ஆளுகள நெசமாவே கடைக்குக் கூட்டியாறவுக. அதனால கூகுளுக்கு எழுதுனதுலயே இதையும் சேத்து எழுதிட்டேன்ணே. எல்லாத்தையும் எடுத்தாச்சு, தங்கசாமி அண்ணன் போட்டத மட்டும் எடுக்கச் சொல்ல மாட்டேன், அது கூடப்பொறந்தவரு செஞ்ச மாதிரி, அதுக்காகக் கடைய ஏத்த மாட்டீகன்னா ஏத்த வேணாம்னு.

– அப்படியா எழுதுனே?

– அப்படியேதேன். பாத்தா எங்க மனசு மாறிருமோன்னு பயந்து, ஒங்க வெப்சைட்டத் தொறந்துகூடப் பாக்கல. ஏண்ணே, மொகம் ஏன் இப்படிப் போகுது?

– தாயி... நீ சோணைமுத்து வீட்டுக்குப் போனேன்னு கேள்விப்பட்ட அன்னைக்கே நா அத எடுத்துட்டேனே! நீ தட்டோட வந்து கேப்பே, அப்பச் சொல்லலாம்னு வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டுத் தெனமும் வாசல்லயே உக்காந்திருந்தேன்.