இடது கை பண்ணின வேலை

ஐயோ தம்பி, என் சர்ச்சுத் தொப்பியப் பாத்து பயந்துட்டியா? பிரசங்கம் பண்ண வரல. உங்க கிளப்புல பியானோ வாசிக்க ஆள் வேணும்னு எழுதிப் போட்டிருக்கீங்களே, அதுக்குத்தான் மிசிசிப்பிலேருந்து பஸ் புடிச்சு மெம்ஃபிஸ் வந்திருக்கேன். சிரிக்காத! அம்பத்தெட்டு வயசு எனக்குத்தான், விரலுக்கு இல்ல.

எங்க வாசிச்சேனா? எங்க ஊர் சர்ச்சுல, இருபத்திரண்டு வருஷம். இரு இரு, கதவச் சாத்தாத! போன ஞாயித்துக்கிழமை நடந்ததக் கேட்டுட்டு அப்புறம் சாத்து.

ஞானப்பாட்டுதான் வாசிச்சிட்டிருந்தேன். அழுது வடியற பாட்டு. வலது கை ஒழுங்கா சர்ச்சுலயேதான் இருந்துச்சு. இந்த இடது கை இருக்கே, அது திடீர்னு பூகி-வூகி ஆட்டப் பாட்டுக்குப் போயிடுச்சுப்பா! ரயில் ஓடற மாதிரி, டுகுடுகு டுகுடுகுன்னு. யார் சொல்லிக் குடுத்தாங்களா? ரேடியோதான். துணி தேய்க்கறப்போ கேப்பேன். ஒரு ஸ்டேஷன்ல நம்ம கறுப்பு ஆளுங்க பாடற ப்ளூஸ், முள்ளத் திருப்பினா வெள்ளக்காரன் பிடில் இழுத்துக்கிட்டுப் பாடற அவன் பட்டிக்காட்டுப் பாட்டு. எல்லாத்தையும் இந்தக் கை திருடி வச்சிருந்திருக்கு!

முதல்ல ஒருத்தரும் அசையல. அப்புறம் எங்க சர்ச்சுப் பெரியவர் டீக்கன் ஆம்ப்ரோஸ், முட்டி வலின்னு மூணு வருஷமா முனகறவர், கைத்தடியத் தூக்கிப் போட்டுட்டு ஆடறாரு! பொம்பளைங்க தொப்பியெல்லாம் பறக்குது. பாடற கூட்டம் படபடன்னு கை தட்டுது. போதகர் ஓடி வந்து பியானோ மூடிய டமார்னு சாத்தினார். சகோதரி ஜெனோரா, இது யார் கைன்னு என்னக் கேட்டார். ஆண்டவர் குடுத்த கைதாங்கய்யான்னேன். சாராயக்கடைப் பாட்டு வாசிச்ச கை இனி இங்க வேண்டாம்னுட்டார்.

அழுதேனாவா? வழியெல்லாம் சிரிப்பு அடங்கல தம்பி. வீட்டுக்குள்ள போனப்புறம்தான் அழுதேன். ஏன்னா அதே பேச்ச, கைக்குப் பதிலா வாய்னு மட்டும் மாத்தி, ஏழு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒருத்திகிட்ட பேசியிருக்கேன்.

உள்ள ஒத்திகை போல. பாடறது யாரு, அந்த சுவரொட்டில செவப்பு கவுன்ல நிக்கறவளா? வெர்டெல். தெரியும் தெரியும். வரி முடியற எடத்துல மூச்சப் புடிச்சு நிறுத்தறா பாரு, அது நான் சொல்லிக் குடுத்தது. ப்ளூஸ் பாடறான்னு அவ பெட்டியத் தூக்கித் தெருவுல வச்சதும் நான்தான்.

ஆமா, என் பொண்ணுதான். நான் வந்தது அவளுக்குத் தெரியாது. பாத்தா துரத்துவா. துரத்தட்டும் தம்பி. அவ பாட நான் வாசிக்க, ஒரே ஒரு பாட்டு, அது முடிஞ்சப்புறம் துரத்தட்டும்.