பாலாற்று மணலில் பூட்டிக்கொண்ட சக்கரம்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? இது நடந்தது உச்சிப் பொழுதில். பகல் பன்னிரண்டரை மணி... சித்திரை வெயில்... திருமுக்கூடலிலிருந்து பழையசீவரத்துக்கு ஆற்று மணலில் இறங்கிப் போகும் வண்டித்தடம். அந்த நேரத்தில் அங்கே காக்கைகூட இருக்காது. கன்னியப்பா, சிரிக்காதே. பீடியை அணைத்துவிட்டுக் கிட்டே வந்து உட்கார்.

என் கூட்டாளி கோபாலுக்கு வேதகிரி என்று ஒரு மாமா. உத்திரமேரூரில் மெக்கானிக். எழுபத்தெட்டாம் வருஷம் ரைஸ்மில்காரரின் பிக்கப் ஜீப் அவரிடம் வந்தது. பட்டாளத்து ஏலத்தில் எடுத்த வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். ஆற்று மணலைத் தாண்ட அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். முன் சக்கரத்து பேரிங் தேய்ந்துபோய் ‘ஙொய்ங்ங்...’ என்று ஒரே ஓலம். புது பேரிங் மெட்ராசிலிருந்து வர இரண்டு நாளாகும். டிரைவர் தாமோதரனால் காத்திருக்க முடியாது. அவன் பெண்டாட்டி பாஞ்சாலிக்கு வலி கண்டுவிட்டது, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

வேதகிரி என்ன செய்தார்? தேய்ந்த பேரிங்கிலேயே கிரீஸை அப்பி, நட்டை முறுக்கித் தள்ளினார். முறுக்கிய பிறகு கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் சூடேறிச் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அது அவருக்கும் தெரியும். ஆனால் தளர்த்தினால் திரும்பச் சத்தம் வரும், சத்தம் வந்தால் தன் பேர் கெடும். அப்படியே விட்டுவிட்டார்.

“சத்தம் நின்னுபூச்சி பாத்தியா? ஒண்ணும் ஆவாது, போய்க்கினே இரு” என்றார்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? நடு ஆற்றில் சக்கரம் பூட்டிக்கொண்டது. தாமோதரன் கரைக்கு ஓடி ஆள் கூட்டி வருவதற்குள் பாஞ்சாலி வண்டியிலேயே செத்துப்போனாள்... வயிற்றுப் பிள்ளையோடு. வயிற்றுச் சுமையோடு போனவளின் பாரம் இறங்கட்டும் என்று, வழக்கப்படி அவளுக்குச் சுமைதாங்கிக் கல் நட்டு, படையலும் போட்டார்கள். அத்தோடு தீர்ந்தது என்று ஊர் நினைத்தது.

அடுத்த சித்திரை. வேதகிரியின் சொந்தத் தங்கை கனகாவுக்கு வலி. ஊரே அறுப்புக்குப் போயிருந்தது, துணைக்கு ஆள் இல்லை. கிடைத்தது அதே ஜீப். ஆனால் இப்போது பேரிங் புதுசு. அவரே மாட்டி, அவரே அளவாகத் தளர்த்தியது. கனகாவைப் பின்னால் படுக்கவைத்து அவரே ஓட்டினார்.

நடு ஆறு. முதலில் வாசனை வந்தது... தீய்ந்த கிரீஸ் வாசனை. அப்புறம் ‘கிறீச்ச்...’ என்று ஒரு சத்தம். முன் சக்கரம் நின்றுவிட்டது.

பலகை போட்டு, ஜாக்கி வைத்துத் தூக்கினார். ஒரு விரலால் தள்ளினார்... சக்கரம் சுற்றியது. சக்கரத்தின் நடுவே, பேரிங் இருக்கும் ஹப்பைத் தொட்டார்... அந்த வெயிலில் பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. இறக்கினார். பூட்டிக்கொண்டது. தூக்கினார், சுற்றியது. இறக்கினார், பூட்டிக்கொண்டது.

“அண்ணா... இன்னாண்ணா பண்றே? முடியலண்ணா!”

முப்பது வருஷம் ஸ்பானர் பிடித்த மனுஷன்... எதைக் கழற்றுவது என்று தெரியவில்லை. கழற்ற அங்கே கோளாறே இல்லையே! மணலில் மண்டியிட்டு அழுதார்.

“பாஞ்சாலி... தப்பு பண்ணவன் நான்மா. அவ இன்னா பண்ணா? அவள வுட்டுடும்மா...”

சட்டென்று கனகாவின் அலறல் நின்றது. காற்றும் இல்லை. எழுந்து பின்பக்கம் போய்ப் பார்க்க அவருக்குக் கால் வரவில்லை. எவ்வளவு நேரமோ அப்படியே கிடந்தார்...

அப்போது குழந்தை அழுதது.

விழுந்தடித்து ஓடினார். கனகா உயிரோடு இருந்தாள். மார்மேல் குழந்தை... கொடி அறுத்து, துடைத்து, துணியில் பதமாகச் சுற்றியிருந்தது.

“யாருமா பண்ணது?”

“அந்த அக்காதாண்ணா. வண்டி நின்னதுலேர்ந்து என் தலைய மடில வச்சிக்கினு இருந்தாங்களே.”

“அவங்க... எங்க போனாங்க?”

கனகா தன் பக்கத்தில் காலியாகக் கிடந்த வண்டிப் பலகையைப் பார்த்தாள்.

“எங்கியும் போவல, இங்கதான் கீறாங்க. அவங்களுக்கு இன்னும் பொறக்கலியாம்... வண்டிய சீக்கிரம் எடுக்கச் சொல்றாங்கண்ணா.”