அவரே கேட்டு வாங்கிய வேலை

ஈப்போவிலிருந்து தைப்பிங் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்த வயதான அம்மாளிடம் பெருமையாகச் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரரு தைப்பிங் ஜெயில்ல வாந்தி கழுவுறாருக்கா."

"தண்டனையாம்மா?"

"இல்லலா! அவரே கேட்டு வாங்குன வேல. உள்ள போன அன்னைக்கு, மூத்திரத்த டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடியே 'நான் தூள் அடிக்கிறவன்'னு சொல்லிட்டாரு. பத்து நாளு ஒடம்பு ஒதறி, சோறு எறங்கலையாம். இப்ப தேறிட்டாரு. புதுசா வந்து ஒதறுற பையங்களுக்குப் பக்கத்துல இவருதான் ஒக்காந்திருக்காரு. வார்டரே கூப்புட்டு விடுறாராம். வீட்டுல தின்ன மங்கு தட்டக்கூட கழுவாத ஆளு!"

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டார்.

"என் மவனயும் முந்தாநாளு அதே ஜெயிலுக்குள்ளதான் கொண்டு போனாங்க. அவனும் தூள் அடிக்கிறவன்தான். இன்னும் பாக்க விட மாட்டாங்களாம். துணியாவது குடுத்துட்டு வரலாம்னு போறேன்."

அந்தப் பெண் அம்மாளின் கையைப் பிடித்தாள்.

"அப்ப நேத்து அவனுக்கு எங்க வீட்டுக்காரருதான் கழுவியிருப்பாரு. பேரச் சொல்லுங்கக்கா, எப்பிடி இருக்கான்னு அவருகிட்ட கேட்டுட்டு வாரேன்."