டாங்க் நிறைந்தால் வரும் வாசனை

தெருவில் என்னை ஊசியக்கா என்றால்தான் தெரியும். வயது நாற்பத்தொன்று. தையல் தொழில். மாடியில் நானும், கீழ் வீட்டில் என் தங்கையும் அவள் கணவரும் குடியிருக்கிறோம். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். எதையும் குடையாமல் விடமாட்டேன் என்பது வீட்டார் என்மேல் சொல்லும் குறை.

வேனின் பெட்ரோல் டாங்க் துருப்பிடித்ததால் அவர் போன வருடம் வேறு டாங்க் மாட்டினார். அதன் பிறகு, அந்த டாங்க்கின் விளிம்பில் வெல்டிங் சரியில்லை, கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. "வண்டிய ஒரு வாரம் போட்டு வச்சுக்குவான். அதுக்குள்ள வேற வேன்காரன் பிள்ளைங்கள அள்ளிட்டுப் போயிடுவான்க்கா" என்றார்.

வேனில் சில நாள் பெட்ரோல் வாசனை வந்தது, சில நாள் வரவில்லை. ஏன் என்று மண்டையைக் குடைந்தது. அவர் மதியம் தூங்கும்போது வேனுக்கு அடியில் படுத்து, டாங்க் விளிம்பு நெடுக வெள்ளை லைனிங் துணியைச் செருகிவைத்தேன். டாங்க் குறைவாக இருந்த நாளில் துணி காய்ந்திருந்தது, நிரப்பிய நாளில் மேல் விளிம்பில் நனைந்திருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று முதலில் குஷியாகத்தான் இருந்தது. அதன் பிறகு, நனைந்த இடத்துக்கு நேர் மேலே சின்னப் பிள்ளைகளின் சீட் இருப்பதைப் பார்த்தேன்.

துணியை அவரிடம் காட்டினேன். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றார். அதன் பிறகு, அவர் நிரப்பும்போதெல்லாம் அவருக்குத் தெரியாமல், வாசனை நிற்கும் அளவுக்குக் குழாய் விட்டுப் பெட்ரோலை இறக்கினேன். இறக்கியதை விற்கவில்லை, அவருடைய ஸ்கூட்டரிலேயே ஊற்றினேன். ஸ்கூட்டர் மைலேஜைப் பற்றி அவர் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டார்.

இன்று காலை அவர் டாங்க்கை முழுக்க நிரப்பி, மூடிக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, பெட்ரோல் திருட்டு என்று இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். டாங்க் விஷயத்தை ஏட்டையாவிடம் சொன்னேன். அது கம்பெனிக்கும் வண்டிக்காரருக்கும் உள்ள விவகாரம், எங்களால் வண்டியை நிறுத்த முடியாது என்றார். திருட்டு வழக்கானால் வண்டியை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சோதனை முடியும்வரை நிலையத்தில் நிறுத்துவோம் என்றார்.

ஆகவே பெட்ரோலைத் திருடியது நான்தான். தங்கை இனி என் முகத்தில் விழிக்கமாட்டாள், அது வருத்தமாகத்தான் இருக்கிறது. எழுதியதை வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. பள்ளி விடுமுன் வேன் இந்த வாசலில் வந்து நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)