பாசிமணி வகுப்பைப் பூட்டியவர்கள்

மேசைக்குக் கீழே கிடக்கிறேன். தலையில் பித்தளைத் தாம்பாளம். குண்டு விழுந்தால் அது காப்பாற்றும் என்று நம்புகிறேன். வயது நாற்பத்தாறு. புளியந்தீவில் பெயர்போன தையல்காரன். தாம்பாளத்தில் கிடந்த பாசிமணி முழுவதும் என் சட்டைக் கழுத்துக்குள் இறங்குகிறது.

1942. பங்குனி கடைசி. வியாழக்கிழமை. காலை பத்தரை தாண்டிவிட்டது. முதலில் குளவிக்கூடு கலைந்த மாதிரி ஓர் இரைச்சல். பிறகு ஓட்டுக்கு மேலே உறுமல். வெளியே ஒருவன் கத்துகிறான்.

"பிளேன் வருது! குப்புறப் படுங்க!"

ஒரு மண்டபத்தில் நடந்த பெண்கள் வகுப்பு அது. ஒரு டீச்சர் நடத்தினார். துக்கத்தில் கதவடைத்துக் கிடந்தவர்கள், புருஷன் திருகோணமலைத் துறைமுக வேலைக்குப் போனதால் தனித்துப்போனவர்கள். வாரத்தில் இரண்டு காலை. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஒரே சீலையைச் சுற்றி இருந்து மணி தைப்பார்கள். பேசுவார்கள். சீலையை இழுத்துக் கட்டுவது என் வேலை. கொழும்பில் குண்டு விழுந்த ஞாயிறு முதல் எனக்கும் தூக்கமில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

பாக்கியம் பெரியகல்லாற்றுக்காரி. மாரியில் அவள் புருஷனைக் கடல் கொண்டுபோனது. பிறகு புளியந்தீவில் தமக்கை வீட்டு மூலையில் கிடந்தாள். பேச்சில்லை. சோறு ஊட்டிவிட வேண்டும். டீச்சர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். பல வாரம் ஊசியைப் பிடித்தபடி சும்மா இருந்தாள். ஒருநாள் நான் ஊசியில் நூல் கோக்கத் தடுமாற, என் பக்கம் திரும்பினாள்.

"என்னகா, ஊசியில நூல் கோக்கத் தெரியாத உங்களயா ஊர் தையல்காரன் எண்டுது?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்று தானே சோறு போட்டுத் தின்றாளாம். தமக்கை வந்து டீச்சரிடம் சொல்லி அழுதாள்.

வகுப்பில் ஒரு வழக்கம். முடிச்சுப் போடாமல் யாரும் எழும்பக் கூடாது. எழும்பினால் கோத்த மணி எல்லாம் ஓடிவிடும். தலைக்கு மேல் பிளேன். அவர்கள் முடிச்சுப் போடுகிறார்கள்.

"வாங்க புள்ளயள்! செத்துப்போவீங்க!" நான் கத்துகிறேன்.

"முடிச்சுப் போட்டுட்டு வாறம்," என்கிறாள் பாக்கியம். "நீங்க முதல்ல கால உள்ளுக்கு எடுங்க. வெளியால கிடக்கு."

டும். கடல் பக்கம். மறுபடி டும். யன்னல் கண்ணாடி நடுங்குகிறது. குண்டு எங்களுக்கு இல்லை. கடலில் நின்ற கப்பல்களுக்கு. பிறகு கரைக்குப் போனேன். தூரத்தில் புகை. அங்கே மனிதர் சாகிறார்கள். இங்கே திருவிழாக் கூட்டம். கடலை கொறித்துக்கொண்டு பார்க்கிறார்கள். திரும்பி நடந்தேன்.

அதைவிடக் கேவலம் அடுத்த வாரம் நடந்தது. மண்டபம் ஒரு வியாபாரிக்குச் சொந்தம். குண்டுச் சத்தத்துக்கு வண்டி கட்டி வயல்வட்டைப் பக்கம் ஓடியவன். திரும்பிவந்து மண்டபத்தைப் பூட்டினான். பெண்கள் கூட்டமாக இருப்பது ஆபத்தாம். உள்ளே பார்த்தால் கூரைவரை அரிசி மூட்டை. ஊரில் அரிசிக்கு அலைகிறார்கள். டீச்சர் போய்க் கேட்டார். நானும் போனேன்.

"மூளை குழம்பினதுகளுக்கு மணி விளையாட்டு ஒரு கேடா?" என்றான். பக்கத்தில் இருந்த பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள். டீச்சருக்குப் பின்னால் பாக்கியம் நின்றாள். அவள் காதில் விழுந்தது.

என் கடையில் வைத்துப் பார்த்தோம். ஆம்பிளையின் கடையில் பொம்பிளைகளுக்கு என்ன வேலை என்றது அதே ஊர். ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். குண்டுப் பயத்தில் பள்ளிக்கூடத்தை மூட, அங்கே படிப்பித்த டீச்சரும் தன் ஊருக்குப் போனார்.

பாக்கியம் திரும்பவும் மூலைக்குப் போனாள். நான் போய்ப் பகிடி விட்டுச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். மேசைக்குக் கீழே கிடந்த மாதிரி கிடந்தும் காட்டினேன். சுவரைப் பார்த்தபடி இருந்தாள். மாரி தொடங்கியபோது, ஊட்டிய சோற்றைத் துப்பினாள். மழை விட முன்னே கண்ணை மூடிவிட்டாள்.

நகரத்தில் குண்டால் ஓர் உயிரும் போகவில்லை என்று இன்றைக்கும் பெருமை பேசுகிறார்கள்.

என் கணக்கு இது. கடலில் போனவர்கள், எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. பாதி தைத்த சீலை ஒன்று, மூட்டைக்கு அடியில் எலி தின்றது. வகுப்புக்கு வந்த ஒன்பது பெண்களில் எட்டுப் பேர், இப்போது சந்தையில் கண்டாலும் நின்று பேசுவதில்லை. ஒன்பதாவது பாக்கியம். வயது இருபத்தெட்டு.